படகின் அடியில் கண்ட கொப்புளங்கள்

அரக்கோணத்துக்காரனுக்குப் படகைப் பற்றி என்ன தெரியும் என்று வாசகர்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. எங்கள் ஊருக்குக் கடல் இல்லை. சென்னைக் கடற்கரை ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவு. அருகில் இருப்பது திருத்தணி மலைதான். 1992ஆம் ஆண்டு முதல் கடற்படையின் ராஜாளி விமானத் தளம் இங்கே இருக்கிறது என்றாலும், அங்கே பறப்பவற்றைத்தான் நாங்கள் பார்க்கிறோம். மிதப்பது எதுவும் இல்லை. நானோ ரயில்வே பொறியியல் தொழிற்கூடத்தில் 33 ஆண்டுகள் இரும்போடு புழங்கி ஓய்வு பெற்றவன். எனினும் 2018ஆம் ஆண்டுக் கோடையில் ஒரு பழைய ஃபைபர் படகு என் உறக்கத்தைக் கெடுத்தது.

என் மனைவி பழவேற்காட்டில் பிறந்தவள். அவளுடைய தம்பி, அதாவது என் மைத்துனர், அந்த ஏரியிலும் கடலிலும் தொழில் செய்தவர். அந்த ஆண்டின் தொடக்கத்தில் அவர் நெஞ்சு நோயால் இறந்துபோனார். அவருடைய மனைவி முறைப்படி எனக்குத் தங்கை. என்னை ‘அண்ணா’ என்றே அழைப்பவள். மகன் எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலையில் இருந்தான். கடலுக்குப் போக அவனுக்கு விருப்பமில்லை. மகள் செவிலியர் பயிற்சிக்கு இடம் பெற்றிருந்தாள். கட்டணத்தின் முதல் தவணையை ஜூன் மாதத்திற்குள் செலுத்த வேண்டும். வீட்டில் விற்பதற்கு என்று இருந்தது படகு ஒன்றுதான். இயந்திரத்தையும் வலைகளையும் மருத்துவச் செலவுக்காக முன்னமே கொடுத்துவிட்டார்கள்.

“அண்ணா, நீங்கள் வந்து பார்த்து ஒரு விலை சொல்லுங்கள். இரும்பைப் பார்த்தே இத்தனை வருடம் என்று சொல்லுவீர்களே” என்று தொலைபேசியில் அழைத்தாள். சென்ட்ரலில் இறங்கி, கும்மிடிப்பூண்டி மார்க்க மின்ரயிலில் பொன்னேரி சென்று, அங்கிருந்து பேருந்தில் பழவேற்காடு போய்ச் சேர்ந்தேன்.

படகு ஏரிக்கரையில் நீரில் கட்டிக் கிடந்தது. பத்துப் பேரைச் சேர்த்து மணலில் ஏற்றிக் கவிழ்க்கச் செய்தேன். பாசியையும் சிப்பியையும் சுரண்டிக் கழுவியதும், அடிப்பாகம் முழுவதும் அம்மை போட்ட உடம்பைப் போல் இருந்தது. மிளகு அளவில் சில, பத்து ரூபாய் நாணயம் அளவில் பல, ஏராவை ஒட்டிய இடத்தில் உள்ளங்கை அகலத்தில் இரண்டு. விரலால் அழுத்தினால் கல்லைப் போல் இருந்தன.

இரும்பில் வர்ணம் உப்பினால் அடியில் துரு இருக்கிறது என்று நான் அறிவேன். ஆனால் கண்ணாடி இழைக்கும் பிசினுக்கும் ஏது துரு? ஆணி முனையால் ஒரு கொப்புளத்தைக் குத்தினேன். உள்ளிருந்த நீர் பீச்சிக்கொண்டு என் சட்டையில் தெறித்தது. நல்ல வேளையாகக் கண்ணில் படவில்லை. தொட்டால் பிசுபிசுப்பு, முகர்ந்தால் காடியின் புளித்த நெடி. அருகில் நின்ற படகு பழுது பார்க்கும் முதியவர், “வெறும் பெயிண்ட் உப்பியிருந்தால் தண்ணீருக்கு நாற்றம் இருக்காது. இது உள்ளே ஊறிய தண்ணீர்” என்றார். அந்த ஒரு சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. அவரிடம் கேட்டதையும், ஊர் திரும்பிய பின் தேடிப் படித்ததையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன்.

ஃபைபர் படகு என்று நாம் சொல்வது, கண்ணாடி இழைப் பாயை அச்சில் விரித்து, பாலியெஸ்டர் பிசினை ஊற்றி, உருளையால் காற்றைப் போக்கி, அடுக்கடுக்காகக் கட்டுவது. வெளிப்புறத்தில் பளபளப்பாக இருக்கும் மெல்லிய பூச்சுக்கு ஜெல்கோட் என்று பெயர். இது நீர் புகாத பொருள் என்றே நாம் நினைக்கிறோம். உண்மையில் நீர் மிக மெதுவாக அதனூடே நுழையும். உள்ளே சரியாக இறுகாத பிசினும், நீரில் கரையும் வேறு பொருள்களும் சிறு குழிகளில் தங்கியிருந்தால், நுழைந்த நீர் அவற்றைக் கரைத்துக் கெட்டியான கரைசலாகிறது. பிறகு வெளியே உள்ள நீரை அந்தக் கரைசல் இழுக்கத் தொடங்குகிறது. உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் போட்டால் தோல் வழியே நீர் புகுந்து உப்பிவிடுவதை இல்லத்தரசிகள் அறிவார்கள். அதே கதைதான். இழுத்த நீர் வெளியேற வழியின்றி அழுத்தம் ஏறி ஜெல்கோட்டை மேலே தள்ளுகிறது. காலப்போக்கில் பிசினையே சிதைத்து அமிலமாகவும் மாற்றுகிறது. காடி நெடிக்குக் காரணம் இதுவே.

இதில் எனக்கு வியப்பளித்தது ஒன்று உண்டு. உப்பு நீர்தான் எதையும் அரிக்கும் என்று நம்பியிருந்தேன்; இரும்பின் அனுபவம் அப்படி. கொப்புளத்திற்கோ நன்னீர்தான் பெரும் பகை. வெளியில் உள்ள நீரில் உப்பு குறையக் குறைய, உள்ளே இருக்கும் கரைசலின் இழுப்பு கூடுகிறது. நீர் வெதுவெதுப்பாக இருந்தால் இன்னும் விரைவு. பழவேற்காடு ஏரியை எண்ணிப் பாருங்கள்: ஆண்டு முழுதும் வெப்பம், ஐப்பசி கார்த்திகை மழையில் ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. அங்கே நாள் தவறாமல் நீரில் கிடக்கும் படகுக்கும், கடற்கரை மணலில் அன்றாடம் இழுத்து ஏற்றப்படும் படகுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். மணலில் ஏறும் படகு அன்றன்று வெயிலில் காய்கிறது. பழைய கட்டுமரத்தையும் நம் மீனவர்கள் அப்படித்தான் காய வைத்துக் காத்தார்கள்.

இதைக் கேட்டபோது தங்கையின் முகம் மாறியதை நான் கவனித்தேன். “ஐந்து வருடம் முன்பு வரை தினமும் கரையில்தான் ஏற்றுவார், அண்ணா. மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகுதான் தண்ணீரிலேயே கட்டிவிட்டு வந்தார். கூட இழுக்க ஆளைக் கூப்பிட்டால் உடம்பு முடியவில்லை என்று தெரிந்துவிடும் என்று யாரையும் கூப்பிடவில்லை” என்றாள். மருத்துவரிடம்கூடச் சொல்லாத ஒன்றைப் படகின் அடிப்பாகம் வைத்திருந்தது.

இந்தப் படகுகள் நம் கரைக்கு வந்த வரலாற்றையும் சிறிது சொல்ல வேண்டும். 1980களில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட வங்காள விரிகுடாத் திட்டத்தினர், அலைகளுக்கிடையே மணலில் இறங்கி ஏறத்தக்க கண்ணாடி இழைப் படகுகளைச் சோதித்துப் பார்த்தனர். பிறகு மெல்ல மெல்லப் பரவி வந்த இவை, 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் வெள்ளம்போல் வந்தன. கட்டுமரத்தையும் வல்லத்தையும் இழந்தவர்களுக்கு உதவ எங்கெங்கிருந்தோ பணம் வந்தது. படகு கட்டும் கொட்டகைகள் கடற்கரை நெடுகிலும் முளைத்தன. உதவியவர்களின் நல்லெண்ணத்தில் குறையில்லை. ஆனால் அவசரத்தில் எல்லாக் கொட்டகையிலும் வேலை ஒரே தரத்தில் நடக்கவில்லை. ஈரக் காற்றில் பிசின் சரியாக இறுகாது; மலிவான பிசின் நீரை எளிதில் விடும்; உருளையைச் சரியாக ஓட்டாவிட்டால் காற்றுக் குழிகள் தங்கிவிடும். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 2009ஆம் ஆண்டில் இத்தகைய தளமற்ற படகுகளைக் கட்டும் முறைக்கென்றே ஒரு கையேடு வெளியிட்டது. என் மைத்துனரின் படகு 2007ஆம் ஆண்டு அவரே சொந்தப் பணத்தில் கட்டுவித்தது. கட்டிய கொட்டகை இன்று இல்லை.

இனி விலைக்கு வருகிறேன். ஊர்த் தரகர் ஒருவர் வந்து பார்த்தார். “இப்படியே காட்டினால் 30,000 தேறாது. கொப்புளத்தைச் சீவி, பட்டி பார்த்து, நீலமும் வெள்ளையும் அடித்துவிட்டால் 75,000 வாங்கித் தருகிறேன். எல்லாரும் செய்வதுதான்” என்றார். வாங்குபவர் தயாராக இருந்தார்: தெற்கே ஒரு குப்பத்து இளைஞர், தம்பியோடு சேர்ந்து முதன்முதலாகச் சொந்தப் படகு வாங்க நினைப்பவர், இதுவரை பிறர் படகில் பங்குக்குப் போனவர்.

நான் என்ன செய்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. சரி என்றேன். 45,000 ரூபாய் வேறுபாடு என்பது அந்தப் பெண்ணின் படிப்பில் பாதி. மேலும் என் மனம் நல்ல வாதங்களைத் தேடித் தந்தது. கொப்புளத்தால் படகு மூழ்கியதாக யாரும் சொல்லவில்லையே. பட்டி பார்ப்பதும் பழுது பார்ப்பதுதானே. வாங்குபவர் கண் திறந்து வாங்கட்டுமே. பொன்னேரிக்குப் போய் இரண்டு டப்பா பட்டியும், உப்புத்தாளும், வர்ணமும் வாங்கி வந்தேன். மறுநாள் காலையில் நானே உட்கார்ந்து தேய்க்கத் தொடங்கினேன். பெரிய கொப்புளங்களைக்கூட உடைத்துக் கழுவவில்லை. உச்சியைச் சீவிவிட்டு ஈரத்தின் மேலேயே பட்டியை இழைத்தேன். தொழிற்கூடத்தில் என் கீழ் வேலை பார்த்த ஒருவர் துருவின் மேல் வர்ணம் அடித்திருந்தால் அன்று மாலையே எழுத்து மூலம் விளக்கம் கேட்டிருப்பேன்.

பதினோரு மணியளவில் தங்கை மோர் கொண்டுவந்தாள். ஏராவின் பக்கத்தில் நான் மூடிய அந்த இரண்டு இடங்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“இங்கே இரண்டு பெரியது இருந்ததே, அண்ணா?”

“மூடிவிட்டேன், அம்மா.”

“அவர் கடலில் இருக்கும்போது காற்று வந்தால் நான் மாதா கோயில் வாசலில் போய் உட்காருவேன். வாங்குகிற பிள்ளைக்கும் வீட்டில் ஒருத்தி இருப்பாளே.”

வேறொன்றும் சொல்லவில்லை. என்னைக் குறை கூறவும் இல்லை. மோர்க் குவளையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். பட்டி இறுகுவதற்குள் உளியை எடுத்துக் கொத்தி வெளியே தள்ளினேன். இறுகியிருந்தால் செய்திருப்பேனா என்பது எனக்கே ஐயம்தான்.

அன்று மாலை வாங்குபவர் தம்பியோடு வந்தார். தங்கை என்னை முந்திக்கொண்டு, “அடியில் கொப்புளம் இருக்கிறது, பாருங்கள்” என்றாள். தரகர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் நான் எதிர்பாராதது ஒன்று நடந்தது. இளைஞர் எழுந்து போகவில்லை. “எவ்வளவு ஆழம் என்று பார்க்கலாமா?” என்று கேட்டார்.

பழுது பார்க்கும் முதியவரையே அழைத்தோம். சிறு சுத்தியலால் அணியத்திலிருந்து பின்புறம் வரை ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் ஓசை கணீரென்று வந்தது. அடுக்குகள் விட்டுப்போன இடத்தில் பானை உடைந்தாற்போல் மந்தமாக வந்தது. மந்த ஓசை கேட்ட இடத்தைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டார். பிறகு பன்னிரண்டு கொப்புளங்களை வெவ்வேறு இடத்தில் திறந்தோம். பத்தில் ஜெல்கோட் மட்டுமே கெட்டிருந்தது. அடியில் இழை வெண்மையாக உறுதியாக இருந்தது. ஏராவை ஒட்டிய இரண்டில் மட்டும் இழை அடுக்கே ஊறிப் பிரிந்திருந்தது.

இந்த ஒரு மணி நேரத்தில்தான் விலை என்பது என்ன என்று எனக்கு விளங்கிற்று. கொப்புளத்தைக் கண்டவுடன் 30,000 என்று தரகர் சொன்னது அச்சத்தின் விலை. மூடிவிட்டு 75,000 என்றது பொய்யின் விலை. இரண்டுக்கும் படகோடு தொடர்பில்லை. மேலை நாடுகளிலும் இந்த அச்சம் உண்டு. அங்கே உல்லாசப் படகுகள் ஆண்டுக்கணக்கில் துறையிலேயே மிதக்கின்றன. 1980களில் கொப்புளப் பிணி பெரிதாகப் பேசப்பட்டு, அமெரிக்காவில் ரோட் தீவுப் பல்கலைக்கழகத்தில் கடலோரக் காவல்படையின் ஆதரவில் இதன் காரணங்களை ஆராய்ந்தார்கள். பழைய படகை வாங்குமுன் அங்கே மதிப்பீட்டாளர் வந்து, தட்டிப் பார்த்து, ஈரமானியால் அளந்து, எழுத்தில் அறிக்கை தருகிறார்; கடனும் காப்புறுதியும்கூட அதைப் பொறுத்தே அமையலாம். சிறு கொப்புளங்கள் பெரும்பாலும் தோற்றக் குறையே, அடுக்குப் பிரிதலே உண்மையான ஆபத்து என்று அனுபவமுள்ள மதிப்பீட்டாளர்கள் சொல்கிறார்கள். ஆயினும் ‘கொப்புளம்’ என்ற சொல் காதில் விழுந்தாலே வாங்குபவர் விலகுவது அங்கும் வழக்கம்தான். நம் கரையில் மதிப்பீட்டாளரும் இல்லை, அறிக்கையும் இல்லை. சுத்தியல் பிடித்த ஒரு முதியவரின் காதுதான் உண்டு. அந்தக் காதைக் கேட்காமல் வர்ணத்தைக் கேட்பது நம் தவறு.

சரியாகப் பழுது பார்க்க எவ்வளவு ஆகும் என்று முதியவரிடம் கேட்டேன். கெட்ட ஜெல்கோட்டைக் கிரைண்டரால் எடுத்துவிட வேண்டும். நன்னீரால் பல முறை கழுவி, கரையும் பொருள்களைப் போக்க வேண்டும். பிறகு நிழற்கூரையின் கீழ்ச் சில வாரங்களாவது காய வேண்டும். மேலே உலர்ந்ததாகத் தோன்றினாலும் உள் ஈரம் எளிதில் போகாது. அதற்குப் பின்னரே, பாலியெஸ்டரால் அல்லாமல், நீரை நன்கு தடுக்கும் எப்பாக்ஸியால் குழிகளை நிரப்பி, அதையே பல பூச்சாக அடிக்க வேண்டும். பொருள் செலவைவிடக் காயும் நாள்களே பெரும் செலவு; அத்தனை நாளும் தொழில் இல்லை. நான் செய்ய முயன்றதைப்போல் ஈரத்தின் மேல் பட்டி பார்த்திருந்தால், ஓரிரு மழைக்காலத்திற்குள் அத்தனையும் மறுபடி எழும்பியிருக்கும். அதற்குள் பணம் கைமாறியிருக்கும் என்பதுதான் தரகரின் கணக்கு.

பேரம் நெடுநேரம் நடந்தது. தங்கை ஒரு முறை உள்ளே போய் அழுதுவிட்டு வந்தாள் என்று பின்னர் என் மனைவி சொன்னாள். இறுதியில் 52,000 ரூபாய்க்கு முடிந்தது. ஏராவை ஒட்டிய பழுதுக்கான செலவைக் கணக்கிட்டே இளைஞர் விலையைக் குறைத்தார். அது நியாயமாகவே பட்டது. மீதிக் கட்டணத்திற்கு என் வைப்புத்தொகையில் ஒன்றை முதிர்வதற்கு முன்னரே முறித்தேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. 75,000 ரூபாயில் மிச்சப்படுத்தலாம் என்று நான் எண்ணியது என் பணத்தையும்தான் என்பதை ஒப்புக்கொள்ளவே சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மரப்படகு முதிர்ந்தால் விறகாகும். இரும்புக் கலம் முதிர்ந்தால் உருக்குக்குப் போகும், அதை எடைக்குப் போட்டாலும் ஒரு விலை உண்டு. ஃபைபர் படகு மட்கவும் மட்காது, உருகவும் உருகாது. எரித்தால் நச்சுப் புகை. ஆகவே கைவிடப்பட்டவை ஏரிக்கரையில் குப்புறக் கிடக்கின்றன; நாய்கள் நிழலுக்குப் படுக்கின்றன. பழையது என்று ஒதுக்குவதற்குமுன் அதைக் கவிழ்த்து, கழுவி, தட்டிப் பார்த்தால் இன்னும் பத்தாண்டு ஓடக்கூடியவை அவற்றில் சில இருக்கும் என்றே நினைக்கிறேன்.

அந்த ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மருமகளைப் பயிற்சிப் பள்ளி விடுதியில் சேர்த்துவிட்டுப் பழவேற்காட்டுக்கும் போயிருந்தேன். இளைஞர் படகைத் தம் குப்பத்தில் தென்னங்கீற்றுக் கொட்டகையின் கீழ் ஏழு வாரம் காயவைத்ததாகவும், பிறகு கடலில் இறக்கிவிட்டதாகவும், நாள்தோறும் மணலில் ஏற்றுவதாகவும் முதியவர் தெரிவித்தார். அணியத்தில் மைத்துனர் எழுதுவித்திருந்த மாதாவின் பெயரை அழிக்கவில்லையாம்.

பொன்னேரியில் வாங்கிய இரண்டு டப்பா பட்டியில் ஒன்று திறக்கப்படாமல் என்னோடு அரக்கோணம் வந்து சேர்ந்தது. வாசற்கதவின் கீழ்ப்பலகை நெடுநாளாக விரிசல் விட்டிருந்தது. மழை வருமுன் அதை அடைக்கலாம் என்று எடுத்தபோது என் மனைவி, “முதலில் பலகை காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்” என்றாள்.